குழாய்க்குள் குழாய் இழுத்த நாள்

எனக்குப் பொசுக்கென்று கை நீண்டுவிடும். பெருமைக்குச் சொல்லவில்லை, வீட்டுக்காரி சொல்வதைத்தான் சொல்கிறேன். சவுதியில் பதினோரு வருஷம் சாக்கடைக் குழாய் வேலை பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு ஃபோர்மேனின் மூக்கை உடைத்து, உடுத்திய துணியோடு தென்காசிக்குத் திருப்பி அனுப்பப்பட்டவன் நான். எங்கள் தெருவில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டி பெட்டியாகச் சாமான் கொண்டுவருவார்கள். நான் கொண்டுவந்தது ஒரு தொழிலை மட்டும்தான்.

அந்தத் தொழில் இதுதான். மண்ணுக்கடியில் நொறுங்கிக் கிடக்கிற பழைய சாக்கடைக் குழாயைத் தோண்டி எடுக்காமல், அதன் வயிற்றுக்குள்ளேயே கொஞ்சம் சிறிய புதுக் குழாயை இழுத்துச் சொருகிவிடுவது. தெருவின் மேல்பக்கம் ரோட்டைத் தோண்டிக் குழி போடுவோம். குழிக்குள் பழைய குழாயை உடைத்து வாயைத் திறந்து, புதுக் கறுப்புக் குழாயின் மூக்கை அதில் வைப்போம். தெருவின் கீழ்க்கோடியில் கயிறு சுருட்டும் வின்ச் மெஷின் நிற்கும். அதன் இரும்புக் கயிறு பழைய குழாய்க்குள்ளேயே நுழைந்து வந்து புதுக் குழாயின் மூக்கைப் பிடித்து இழுக்கும். குழிக்குள் ஒரு ஆள் நின்று, மூக்கு எங்கும் இடறாமல் நெட்டித் தள்ளிக்கொடுக்க வேண்டும். மேன்ஹோலுக்குள் ஆளை இறக்குவது குற்றம், அதை நாங்கள் செய்ததில்லை. இது வானம் தெரிகிற குழி. ஆனால் எட்டடி ஆழம். அதில் நிற்கிறவன் உயிர், மேலே நிற்கிறவன் கையில் இருக்கிறது.

எங்கள் வேலையில் குழிக்குள் நின்றவர் ராயகிரிக்காரர். எனக்குச் சமவயசு. மானாவாரியில் மூன்று வருஷம் விதைத்ததெல்லாம் கருகிப் போக, ஊரில் நிலத்தைப் போட்டுவிட்டு வந்தவர். நான் கத்தினால் சிரிப்பார். மேஸ்திரி முதல் வின்ச் ஆபரேட்டர் வரை என்னிடம் வாய் திறக்க யோசிப்பார்கள், அவர் மட்டும் "என்ன பாய், காலையிலயே மிளகாயக் கடிச்சிட்டு வந்தீரா?" என்று கேட்பார். குழிக்குள் அவரைத் தவிர வேறு யாரையும் நான் இறக்கியதில்லை. அவரும் மேலே நான் நின்றால்தான் இறங்குவார்.

குற்றாலத்து லாட்ஜ் தெருவில் அந்த வேலை வந்தது. சாக்கடை என்றால் எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் குற்றாலத்துக் குழாயை ஒருநாள் திறந்து பார்க்க வேண்டும். சீசனுக்கு வருகிறவன் சும்மா அருவியில் நிற்க மாட்டான். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் பூசி, ஊறப் போட்டு, ஆளை வைத்துப் பிடித்துவிடச் சொல்லி, அப்புறம்தான் அருவிக்குப் போவான். அருவியில் போகாத எண்ணெயை ரூமுக்கு வந்து ஷாம்பு போட்டுக் கழுவுவான். அந்த எண்ணெய், சோப்பு நுரையோடு சேர்ந்து குழாய்க்குள் போய் வெள்ளைக் கட்டியாக உறைந்துவிடும். கம்பியால் குத்தினால் கம்பி வளையும். உள்ளே மண் குழாய், போட்டு எத்தனை காலமோ, மூட்டெல்லாம் விட்டுப்போய் ஆலமர வேர் நுழைந்து கிடந்தது. சீசன் முடிந்ததும் செய்யலாம் என்றுதான் இருந்தார்கள். ஜூலையில் தெருவில் நடக்கிறவன் காலில் மலம் ஒட்டியதும் எல்லோருக்கும் அவசரம் வந்துவிட்டது.

சவுதியில் இப்படி இழுக்கும்போது, மேலேயிருந்து வருகிற கழிவை மோட்டார் வைத்து உறிஞ்சி, வேறு வழியாகச் சுற்றி அனுப்பிவிட்டுத்தான் குழிக்குள் ஆளை இறக்குவோம். இங்கே காண்டிராக்டர் மோட்டார் தரவில்லை. மேல் மேன்ஹோலில் ரப்பர் பலூனைச் சொருகிக் காற்றடித்து அடைத்துக்கொள்ளுங்கள், லாட்ஜ்காரர்களிடம் நாலு மணி நேரம் தண்ணீரை நிறுத்தச் சொல்லுங்கள், போதும் என்றார். நான் கத்தினேன். கத்திவிட்டு ஒப்புக்கொண்டேன். அங்கே நான் செய்த முதல் தப்பு அது.

குழிக்கு மேலே அந்தக் குழாயில் சேர்கிறது ஒரே ஒரு பெரிய லாட்ஜ். நாற்பது ரூம். அதன் மேனேஜர் செங்கோட்டைக்காரர், ஐம்பது வயசிருக்கும், ஒல்லி. அவருக்கும் எனக்கும் அன்று காலையிலேயே முட்டிக்கொண்டது. மேல் மேன்ஹோலைத் திறந்தால் எண்ணெய்க் கட்டியோடு ஒரு முழுப் படுக்கை விரிப்பு சுருண்டு கிடந்தது, லாட்ஜ் பேர் போட்ட விரிப்பு. கொக்கியில் மாட்டித் தூக்கினேன். அப்படியே கொண்டுபோய் அவர் கவுண்டர் மேல் போட்டேன். ரூம் எடுக்க நின்ற குடும்பம் ஒன்று மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியது. மேனேஜர் எழுந்து, ஏலே, நீ மனுசனா என்றார். நான் அவர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினேன். ராயகிரிக்காரர் வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நுழைந்து பிரித்துவிட்டார். அவரே மேனேஜரிடம் தன்மையாகப் பேசினார். குழிக்குள் நிற்கப்போகிறது நான் அண்ணாச்சி, பத்து மணியிலிருந்து ரெண்டு வரைக்கும் மேல்தொட்டி வால்வை அடைச்சிருங்க, எம் பிள்ளைகளுக்கு நான் வேணும் என்றார்.

மேனேஜர் கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வால்வை அடைப்பதாகச் சொன்னார். ஏதும் அவசரம் என்றால் கூப்பிட வேண்டும் என்று என் நம்பரைக் கேட்டு வாங்கி, அங்கேயே ஒரு ரிங் விட்டுச் சரிபார்த்தார். நானும் அவர் நம்பரைப் பதிந்துகொண்டேன்.

பத்து மணிக்கு வால்வை அடைத்தார்கள். நானே மொட்டை மாடி ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன். பலூனைச் சொருகிக் காற்றடித்தோம். ரூம்காரர்கள் எல்லாம் அருவிக்குப் போயிருந்தார்கள். சாரல் நூலாக விழுந்துகொண்டிருந்தது. ராயகிரிக்காரர் குழியில் இறங்கினார். குழியின் ஒரு பக்கம் பலகை முட்டுக் கொடுத்திருந்தோம். குழாய் சாய்ந்து இறங்க வேண்டிய பக்கம் வெறும் மண்தான். கறுப்புக் குழாய் நீளமாக ரோட்டில் படுத்து, குழியில் வளைந்து இறங்கி, பழைய குழாயின் வாய்க்குள் நுழைந்தது. நான் கையை உயர்த்தினால் வின்ச் இழுக்கும், இறக்கினால் நிற்கும். பாதிக்கு மேல் இழுத்துவிட்டோம்.

அப்போது அருவிப் பக்கம் விசில் கேட்டது. போலீஸ் விசில். ஒன்று இல்லை, நாலைந்து விசில் சேர்ந்து. பின்னாலேயே மைக். மலையில் மழை, அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை, எல்லோரும் வெளியே வாருங்கள். பிறந்ததிலிருந்து அந்த விசிலைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த விசில் ஊதினால் குற்றாலத்தில் என்ன நடக்கும் என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு அப்போது தோன்றியது என்ன தெரியுமா? நல்லதாப் போச்சு, கூட்டம் குறையும், ரோடு நமக்குக் கிடைக்கும். அட மடையா!

ஐந்து நிமிஷத்தில் தெருவில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எண்ணெய் பூசிய உடம்பு, இடுப்பில் துண்டு, கையில் செருப்பு. குளிக்க முடியாத எரிச்சலில் ஏசிக்கொண்டே வந்தார்கள். கண்ணில் எண்ணெய் இறங்கி அழுத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அம்மாக்கள் வந்தார்கள். தொப்பை மினுங்க ஒருவர் குழி ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். மண் சரியும், நிற்காதீர்கள் என்று அவரை விரட்டினேன். ரூமுக்குப் போங்க சார் என்றேன். என் வாயால் சொன்னேன். ஒரு ஆளுக்கு இல்லை, பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன்.

என் சட்டைப் பையில் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தேன், மேனேஜர். காலையில் போட்ட விரிப்பின் கறை போகவில்லை என்று புலம்பப் போகிறார் என்று நினைத்தேன். கிடக்கட்டும் என்று பைக்குள் போட்டேன். திரும்பவும் துடித்தது. எடுக்கவில்லை. மூன்றாம் தடவை துடித்தபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இவனுக்கு வேற சோலி இல்லையா என்று சத்தமாகவே சொன்னேன். குழிக்குள்ளிருந்து ராயகிரிக்காரர், யார் பாய், என்று கேட்டார். ஒன்றுமில்லை, நீர் குழாயைப் பாரும் என்றேன்.

பலூன் பிடுங்கிக்கொண்ட சத்தத்தை டயர் வெடித்த சத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். குழிக்குள் எட்டிப் பார்ப்பதற்குள் மேல்பக்கக் குழாயின் வாயிலிருந்து பலூன் பறந்து வந்து எதிர்ப் பலகையில் அறைந்தது. அதன் பின்னால் தண்ணீர். மலைச்சரிவில் போட்ட குழாய், வேகத்தைக் கேட்கவே வேண்டாம். நாற்பது ரூம் ஷவரும் ஒரே நேரத்தில் திறந்த தண்ணீர், நுரையும் எண்ணெயும் மலமுமாக அவர் நெஞ்சில் இடித்து அவரை மல்லாக்கத் தள்ளியது. முட்டு இல்லாத பக்கத்து மண் கரைந்து பொதுக்கென்று குழாய் மேல் விழுந்தது. கறுப்புக் குழாய் அந்தக் கனத்தில் அழுந்தி, அவர் வலது காலைப் பழைய மண் குழாயைச் சுற்றிப் போட்டிருந்த கான்கிரீட் விளிம்போடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது.

நான் குதித்தேன். கீழே போகிற வாயைப் புதுக் குழாயும் மண்ணும் அடைத்திருந்ததால் தண்ணீர் அதற்குள் என் இடுப்புக்கு வந்துவிட்டது. அவர் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. கழுத்து வரை தண்ணீர். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே முங்கினேன். கண்ணைத் திறக்க முடியாது, கையால்தான் தடவிப் பார்த்தேன். கெண்டைக்கால் குழாய்க்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில். குழாயைத் தூக்கினேன், அசையவில்லை. பின்னால் தள்ளினேன், மண் விழுந்த பக்கம் எப்படிப் போகும்? மேலே வந்தேன். ஆட்கள் கரையில் நின்று கத்தினார்கள். யாரோ கயிற்றைப் போட்டார்கள். அவர் அக்குளில் கட்டி இழுத்தோம். அவர் அலறினார், அவ்வளவுதான், ஆள் வரவில்லை. தண்ணீர் அவர் தாடைக்கு ஏறியது.

ஒரு வழிதான் இருந்தது. வின்ச்சை இழுக்கச் சொன்னால் குழாய் முன்னால் நகரும். நகரும்போது அவர் காலையும் அரைத்துக்கொண்டுதான் போகும். அவருக்கும் அது தெரியும். அந்த வேலையை எத்தனை தெருவில் பார்த்தவர். வாய்க்குள் போன தண்ணீரைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னத்தப் பாத்துட்டு நிக்கீரு? இழுக்கச் சொல்லும் பாய்."

நான் ஒரு கையால் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறு கையை உயர்த்தினேன். கரையில் நின்றவன் அதைப் பார்த்து வின்ச்சுக்குக் கை காட்டினான். கயிறு விறைத்தது. குழாய் முதலில் நகர மறுத்தது. அப்புறம் ஒரே இழுப்பாக முன்னால் பாய்ந்தது. தண்ணீருக்கடியில் எலும்பு முறிவதை என் உள்ளங்கையில் உணர்ந்தேன். அவர் அலறவில்லை, கண் மேலே செருகிவிட்டது. கரையிலிருந்தவர்கள் கயிற்றை இழுத்ததும் ஆள் வந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே கால் தோலில்தான் தொங்கியது.

என் வேட்டியைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினேன். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. வின்ச் ஆபரேட்டரை அதில் ஏறச் சொன்னேன். நான் ஏன் ஏறவில்லை? எனக்கு இங்கே வேலை இருந்தது.

மேனேஜர் அவராகவே ஓடி வந்தார். கையில் போனைப் பிடித்துக்கொண்டு, பாய், பாய் என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். போனை என் முகத்துக்கு நேரே நீட்டி என்னவோ சொல்ல வாய் திறந்தார். அந்த வாயில்தான் குத்தினேன். போன் ரோட்டில் விழுந்தது, மிதித்தேன். அவர் திரும்பவும் என்னவோ சொல்ல வந்தார். திரும்பவும் அதே வாயில். பல் என் விரல் முட்டியில் குத்தி நின்றது. கீழே விழுந்தவரை வயிற்றில் மிதித்தேன். அதோடு விட்டதா? தண்ணீர் திறந்தவன் இவன்தான் என்று யாரோ சொல்ல, சுற்றி நின்றவர்களும் இறங்கிவிட்டார்கள். எண்ணெய் கழுவி, தலை துவட்டி, பவுடர் போட்டு வந்தவர்கள். தண்ணீர் திற என்று அரை மணி நேரத்துக்கு முன்னால் கவுண்டரைத் தட்டியவர்கள். அவர்கள் அடித்த அடியும் சாதாரண அடி இல்லை. போலீஸ் வந்து பிரித்தபோது அவர் சாக்கடைத் தண்ணீரில் முகம் குப்புறக் கிடந்தார். எனக்கு அப்போது மனசு ஆறியது. பொய் சொல்வானேன், நல்லா ஆறியது.

ஸ்டேஷனில் என்னைச் சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். மேனேஜர் என் மேல் புகார் கொடுக்கவில்லை. கூட்டத்தில் யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். லாட்ஜ் மேனேஜர் சொன்ன சொல் மீறி வால்வைத் திறந்ததால் விபத்து என்று எங்கள் காண்டிராக்டர் ரிப்போர்ட் தயார் செய்து வந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, மணி என்ன என்று பார்க்கத்தான் போனை எடுத்தேன். குழியில் முங்கியும் சாகாத போன். மூன்று அழைப்பும் வரிசையாக நின்றன. கடைசி அழைப்புக்குக் கீழே அவர் அனுப்பிய ஒரு செய்தி. போனில் எழுதிப் பழகாத ஆள் தட்டியது மாதிரி எழுத்து விட்டுவிட்டு இருந்தது. ஆட்கள் எண்ணெயோடு வந்து ரகளை செய்கிறார்கள், பிள்ளைகள் கண் எரிந்து கத்துகின்றன, திறக்கவா வேண்டாமா சொல்லுங்கள், நீங்கள் சொல்லாமல் திறக்க மாட்டேன், அவர்களே வால்வைத் திறக்க மாடிக்குப் போகிறார்கள், ஆளைக் குழியை விட்டு ஏற்றுங்கள்.

அவர் திறக்கவே இல்லை.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ராயகிரிக்காரருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் போனபோது அவர் மனைவி வாசலிலேயே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீங்க இல்லன்னா எனக்கு ஆளே இல்ல அண்ணே என்று அழுதார். அந்த மேனேஜர் நாசமாகப் போவான், அவன் பிள்ளைக்கும் இப்படி ஆகும் என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகச் சபித்தார். என் விரல் முட்டியில் கட்டுப் போட்டிருந்ததைப் பார்த்து, நல்லாக் குடுத்தீங்களா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். மூன்று நாள் இப்படியே போனது. நாலாம் நாள், பேசுகிற அளவுக்குத் தெளிந்ததும் ராயகிரிக்காரரும் அதையேதான் சொன்னார். அவனச் சும்மா விட்றாதீரும் பாய், கேஸ் போடணும் என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவர் மனைவியை டீ வாங்க அனுப்பிவிட்டுப் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவருக்கு வாசிக்க நேரமாகும். ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். போன் அடித்ததை நீர் பார்த்தீரா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். மூணு தடவையுமா என்றார். மூன்று தடவையும்தான். அவர் என்னை ஏசுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்துக் குனிந்து நின்றேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் போனைப் போர்வை மேல் வைத்தார். கால் இல்லாத இடத்தில் போர்வை சப்பென்று கிடந்தது.

"எங்கிட்ட அடி வாங்கிட்டுப் போயிரலாம்னு பாக்கீரு. போயி அவரு கையால ஒரு அடி வாங்கிட்டு வாரும். அதுக்குப் பெறவு எம் மூஞ்சில முழியும்."

அப்புறம் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எவ்வளவு கூப்பிட்டும் திரும்பவில்லை.

முதலில் ஸ்டேஷனுக்குப் போய் அந்த ரிப்போர்ட்டில் இருப்பது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்து நேரே குற்றாலம் போனேன். தடை எடுத்துவிட்டார்கள், தெரு முழுக்க எண்ணெய் வாடையும் ஜனமும். லாட்ஜ் கவுண்டருக்குப் பின்னால் மேனேஜர் உட்கார்ந்து சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். உதடு இன்னும் வீங்கியிருந்தது. நான் உள்ளே நுழைந்ததைப் பார்த்ததும் நாற்காலி சரிய எழுந்து, சுவரோடு ஒட்டி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். நான் கவுண்டருக்கு இந்தப் பக்கமே நின்றேன். தப்பு என்னுடையது அண்ணாச்சி, நீங்கள் கூப்பிட்டதை நான் பார்த்தேன் என்றேன். ஒரு அடி அடியுங்கள், அதற்குத்தான் வந்தேன் என்றேன். ரூம் எடுக்க வந்தவர்கள் முன்னால் முட்டி போட்டும் கேட்டேன். எவ்வளவு கேட்டும் அவர் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

ராயகிரிக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார்களாம். நான் இன்னும் ராயகிரி பஸ்ஸில் ஏறவில்லை.